காற்றும் கட்டடமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காற்றின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்து 140 கிலோமீட்டராக உயர்ந்தால், கட்டடத்தின் மீது விழும் சுமையும் இரு மடங்காகும் என்று கொள்ளலாமா?

பதில்: இல்லை, நான்கு மடங்காகும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் என வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவரை இந்தக் காற்று நேராகத் தாக்கினால், வடிவத்தால் வரும் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏறக்குறைய 730 கிலோ எடையுள்ள பொருள் அதன்மீது சாய்ந்திருப்பதற்கு ஒப்பான விசை ஏற்படும். வேகம் மணிக்கு 144 கிலோமீட்டரானால் அதே சுவர் 2,900 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலை அறிவிப்புகளில் சொல்லப்படும் வேகம் பல நேரங்களில் 10 நிமிடச் சராசரியாக இருக்கும். கட்டடமோ சராசரியைச் சந்திப்பதில்லை. இரண்டு மூன்று நொடிகள் மட்டுமே நீடிக்கும் வீச்சைச் சந்திக்கிறது. அந்த வீச்சு சராசரியைப் போல ஒன்றரை மடங்குகூட இருக்கக்கூடும். அதனால்தான் பல நாடுகளின் கட்டட விதிகள் 3 நொடி வீச்சையே வடிவமைப்புக்கு அடிப்படையாகக் கொள்கின்றன.

கேள்வி: புயலில் சுவர்கள் நிற்கின்றன, கூரை மட்டும் பறந்துவிடுகிறது. காற்று பக்கவாட்டில்தானே தள்ளுகிறது?

பதில்: தள்ளுவது பாதிக் கதைதான். கூரையின் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கே மேற்பரப்பை விட்டுப் பிரிந்து சுழல்வதால் அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. மூலைகளில் இந்த உறிஞ்சல் மிகக் கடுமையாக இருக்கும். அதிலும் காற்று திசை திரும்பி மூலையை நோக்கிச் சாய்வாக வீசும்போது, சற்று முன்புவரை அசையாதிருந்த கூரைத் தகடு திடீரென எழும்பத் தொடங்கும். அதே நேரத்தில் காற்று வரும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் கூரையைக் கீழிருந்து தூக்கும். அழுத்தம் சமமாகட்டும் என்று புயலின்போது ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லும் பழைய யோசனை இதனால்தான் ஆபத்தானது.

தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஒரே ஒரு திருகைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு வீச்சிலும் தகடு எழும்பி, தணிந்ததும் அமர்கிறது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தபின், திருகின் தலையைச் சுற்றித் தகட்டில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி நட்சத்திரம் போல் விரிகின்றன. கடைசியில் திருகு சட்டத்திலேயே இருக்க, தகடு மட்டும் கிழிந்து போய்விடும். 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலில் கூரைகள் பெருமளவில் பறந்ததற்கு இந்த உலோகச் சோர்வு ஒரு முக்கியக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. அந்தத் தகடுகள் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சோதனையைத் தாண்டியவைதாம். திரும்பத் திரும்ப இழுபட்டால் என்னவாகும் என்பது அதுவரை போதிய கவனத்தைப் பெறவில்லை.

கேள்வி: எங்கள் கட்டடத்துக்கு அருகில் உயரமான கட்டடங்கள் எழும்பியுள்ளன. அவை காற்றை மறைப்பதால் எங்களுக்குப் பாதுகாப்புக் கூடியிருக்கிறது அல்லவா?

பதில்: கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஃபெரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தில் இரண்டு வரிசைகளாக நின்ற எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று இடிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 114 மீட்டர் உயரமானது. விழுந்தவை காற்றை நேரே எதிர்கொண்ட முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல, அவற்றின் மறைவில் நின்றவை! முன்வரிசையின் இடைவெளிகளில் நெருக்குண்டு வேகமெடுத்த காற்று கொந்தளித்தபடி பின்வரிசையைத் தாக்கியது. வடிவமைப்பிலோ குறுகிய வீச்சுக்குப் பதிலாக ஒரு நிமிடச் சராசரி வேகமே எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஒரு கோபுரத்தைத் தனியாக வைத்துச் சோதிப்பது போதாது என்ற பாடம் அங்கேதான் உறைத்தது. இன்று உயர்ந்த கட்டடங்களின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், சோதிக்கும்போது சுற்றுப்புறக் கட்டடங்களின் மாதிரிகளையும் சேர்த்தே வைக்கிறார்கள். ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் பக்கத்து மனையில் என்ன எழும்பும் என்பதை அந்த மாதிரியில் யார் வைக்க முடியும்? ஆகவே உங்கள் கட்டடம் பழையதானால், குறிப்பாகக் கூரையும் கண்ணாடி முகப்பும் உள்ளதானால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு மறுபடி கணக்குப் பார்ப்பது நல்லது.

கேள்வி: உயரமான கட்டடத்தின் மேல்தளங்கள் காற்றில் ஆடுவது உண்மையா? ஆடினால் ஆபத்தா?

பதில்: ஆடுவது உண்மை, அந்த ஆட்டம் கணக்குக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. தைவானில் உள்ள 508 மீட்டர் உயரத் தைபே 101 கட்டடத்தின் உச்சிக்கு அருகே 660 டன் எஃகுக் கோளம் ஒன்று ஆட்டத்தைத் தணிப்பதற்காகவே தொங்குகிறது. கவலைப்பட வேண்டியது வேறொன்று. காற்று கட்டடத்தின் இரு பக்கங்களிலும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. அந்தத் தாளமும் கட்டடத்தின் இயல்பான அசைவும் ஒத்துப்போனால், மிதமான காற்றே அதைக் குறுக்குவாட்டில் பெரிதாக ஆட்டிவிடும். மேலே போகப் போக வடிவத்தை மாற்றிக் கட்டுவது அந்தத் தாளத்தைக் குலைக்கத்தான். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா படிப்படியாக உள்வாங்கி உயர்வதற்கு அழகு மட்டுமே காரணமன்று.

கேள்வி: மாடியில் சூரியத் தகடுகள் பொருத்த இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தகடுகளின் எடையைக் கேட்பவர்கள் பலர், அவற்றைக் காற்று எவ்வளவு தூக்கும் என்று கேட்பவர்கள் மிகச் சிலர். சாய்வாக நிற்கும் தகட்டின் அடியில் காற்று புகுந்தால், அதன் எடையைப் போலப் பல மடங்கு விசை மேல்நோக்கி இழுக்கும். மூலைகளையும் விளிம்புகளையும் விட்டுத் தள்ளிப் பொருத்துங்கள். போல்ட்டுகள் மேற்பூச்சில் நின்றுவிடாமல் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கின்றனவா என்பதை வேலை நடக்கும்போதே பாருங்கள்; பூசி மூடியபின் அது தெரியாது. ஒவ்வொரு பலத்த காற்றுக்குப் பின்னும் நட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.