வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார். தூசும் நெடியும் அதிகமில்லாமல் பழைய கிச்சன் கப்போர்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது எப்படி?

மரம் தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை. பழைய வார்னிஷ் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதன் பளபளப்பை மட்டும் மழுங்கடித்தால் போதும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். தூசுத் தொல்லை பாதி இங்கேயே குறைந்துவிடும்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்துக் கதவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் மெழுகு மாதிரி பிசுக்கு சுருண்டு வரும். அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் பிசுக்கைக் கீறல்களுக்குள்ளேயே அழுத்திவிடும். அப்புறம் எந்த பெயிண்டும் அந்த இடத்தில் குழி குழியாக விலகி நிற்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து இரண்டு முறை துடையுங்கள், பிறகு வெறும் தண்ணீரில் சோப்பு போகத் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

தேய்க்க 220 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். நனைத்து லேசாகத் தேய்த்தால் தூசு பறக்காமல் சேறாக வரும். சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் வழித்துவிடுங்கள். காய்ந்தால் மறுபடி தூசுதான். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் வெட்டு ஓரங்கள் மட்டும் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அங்கே உலர்வாகத் தேய்த்து நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். மிகப் பழைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் தேய்க்காதீர்கள். தேய்ப்பதற்குப் பதிலாகப் பளபளப்பு நீக்கும் திரவம் வாங்கலாமே என்று தோன்றும். பெரும்பாலானவற்றில் நெடி அதிகம், தூசைக் கொடுத்து நெடியை வாங்கிய கதைதான்.

பிரைமர் என்கிற அடிப்பூச்சு, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் தண்ணீர் சார்ந்த பாண்டிங் பிரைமராக இருக்கட்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் ஷெல்லாக் பிரைமர் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஸ்பிரிட் நெடி தூக்கும், தீயும் பிடிக்கும். தண்ணீர் பிரைமரைத் தாண்டி மரச்சாயம் பழுப்புத் திட்டாக மேலே வந்தால் மட்டும், கதவை வெளியே எடுத்துப்போய் அந்த இடத்தில் ஷெல்லாக் தொடுங்கள். மேல்பூச்சுக்கு தண்ணீர் சார்ந்த எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். சுவர் எமல்ஷன் வேண்டாம், அது கப்போர்டுக்கு வேண்டிய அளவு இறுகாது. டப்பாவில் 'லோ வி.ஓ.சி.' (ஆவியாகிக் காற்றில் கலக்கும் ரசாயனம் குறைவு) என்று போட்டிருந்தாலும் கடையில் சேர்க்கும் கலர் அந்த அளவைக் கூட்டலாம். அடர் நிறமென்றால் கேட்டு வாங்குங்கள்.

கதவுகளையும் டிராயர்களையும் கழற்றி, கீல் குழிக்குள் நம்பர் எழுதி, பால்கனியிலோ வெளியிலோ அடியுங்கள். உள்ளே சட்டங்கள் மட்டும்தான் மிஞ்சும். ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து எதிர் ஜன்னலைத் திறங்கள்; ஈர பெயிண்டைப் பார்த்து வைத்தால் தூசை அதன்மேல் ஒட்டிவிடும். என்95 மாஸ்க் தூசுக்குத்தான், நெடி அதில் நிற்காது. நெடிக்கு, ரசாயன ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் (முகமூடி) வேண்டும். ஆஸ்துமாக்காரர் இந்த வேலை நடக்கும் பக்கமே வர வேண்டாம்.

ஓரிரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது, ஆனால் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் அழுத்தி மூடினால் கதவு சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது பெயிண்ட் பிய்ந்து வரும். மூலையில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கதவின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கழுவி, தேய்த்து, பிரைமரும் ஒரு கோட்டும் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகப் பெயிண்ட் டேப்போடு வந்தால் மறுபடி கழுவுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.