இருவாச்சியும் ஆக்சலோட்டிலும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு, மழைக்காட்டுப் பறவை ஒன்றையும் அழியும் நிலையில் உள்ள சாலமாண்டர் (பல்லி போல் தோன்றும், தவளை வகையைச் சேர்ந்த நீர்நில வாழ்வி) ஒன்றையும் ஒப்பிடும் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். எவற்றை எடுக்கலாம்? வேலூரில் மீன் கடை ஒன்றில் ஆக்சலோட்டில் விற்கிறார்கள். வாங்கி வைக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பறவைக்கு வால்பாறைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சி, சாலமாண்டருக்கு ஆக்சலோட்டில். நீளம், நிறம், தீனி என்று கட்டம் போட்டு நிரப்புவதோடு விட்டுவிட வேண்டாம். எது இல்லாமல் போனால் இந்த உயிர் அற்றுப்போகும் என்று இரண்டுக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

இருவாச்சிக்கு வேண்டியது முற்றிய பெருமரத்தின் பொந்து. மரங்கொத்தி மாதிரி அதற்குக் குடையத் தெரியாது; தானாக உண்டான பொந்தைத்தான் தேடும். பெண் பறவை உள்ளே போய், எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசி, அலகு நுழையும் கீறல் மட்டும் விடும். அடைகாப்பு 38 முதல் 40 நாள். அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆண். அதை யாராவது சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கும் குடும்பமே பட்டினி கிடக்கும்.

ஆக்சலோட்டிலின் இயற்கை வாழிடம் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்கள் மட்டுமே. வளர்ந்த பிறகும் தலையின் பக்கத்துக்கு மூன்றாக இறகு போன்ற செவுள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014-ல் 40-க்கும் கீழே போனது. உணவுக்காக விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்றன; நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. ஆனால் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் தொட்டிகளிலும் அது ஏராளம். கடையில் கிடைப்பதைப் பார்த்து, அழியவில்லை என்று மகள் எழுதிவிடக் கூடாது. அழியும் உயிரினங்களை வகைப்படுத்தும் சர்வதேச அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் பட்டியலில் ஆக்சலோட்டில் மிகக் கடும் அபாயப் பிரிவில் இருக்கிறது. இருவாச்சி அதற்கு இரண்டு படி கீழே, பாதிக்கப்படக்கூடிய இனம்.

வாங்க வேண்டாம். அதற்கு 16–18 டிகிரி தண்ணீர் வேண்டும். 24-ஐத் தாண்டினால் தீனி எடுக்காது, செவுளில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர்க் கோடையில் விசிறி வைத்தால் சில டிகிரிதான் குறையும். ஐஸ் பாட்டில் போட்டால் சூடு சட்டென ஏறி இறங்கும், அதையும் அது தாங்காது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது. தவிர, இது சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள விலங்கு. வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

வாங்குவதற்குப் பதிலாக, மகள் ஒரு வாளித் தண்ணீரை நிழலில் வைத்து, காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் ஒரு வாரம் வெப்பமானியில் அளக்கட்டும். வரைபடத்தில் 18 டிகிரிக்குச் சிவப்புக் கோடு போட்டு, தன் அளவுகள் அதற்கு எவ்வளவு மேலே நிற்கின்றன என்று குறிக்கட்டும்.