பின் அடிக்கும் சிறு பெட்டி: கேள்வியும் பதிலும்

அலுவலக அச்சு இயந்திரங்களில் தாள்களை அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்தோ பின் இல்லாமல் அழுத்தியோ கட்டித் தரும் ஃபினிஷர் பகுதியைப் பற்றி வந்த கேள்விகளில், வடிவமைப்பைத் தொடுவனவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அம்பத்தூரில் இந்த வேலையிலேயே நெடுங்காலம் இருந்தவன் என்பதால் சில இடங்களில் என் சாய்வும் தெரியும்.

கேள்வி (கிண்டி, பொறியியல் மாணவி): ஐயா, பின் இல்லாமல் ஐந்து தாள்களைப் பற்களுக்கிடையே அழுத்திக் கட்டும் கருவியைச் செய்கிறோம். உட்பக்கத்துப் பற்கள் ஆழமாகப் பதிகின்றன. தாளை நுழைக்கும் வாயின் முனைப்பக்கத்தில் தடமே மங்கலாக இருக்கிறது. பெரிய மோட்டார் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அழுத்தம் குறைவு என்றால் தடம் முழுவதும் ஒரே சீராக மங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது என்றால், அழுத்தும் நேரத்தில் உங்கள் ‘ப’ வடிவச் சட்டம் வாயைத் திறக்கிறது என்று பொருள். இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் முதலில் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்; நானும் விழுந்திருக்கிறேன்.

விசையை உண்டாக்குவது எளிது. இரண்டு இணைப்புக் கைகளை முழங்கால் போல மடக்கி வைத்து, அவை நேர்கோட்டை நெருங்கும் கட்டத்தில் பற்கள் தாளைத் தொடும்படி அமைத்தால், பொம்மைக் காரில் இருப்பது போன்ற சிறு மோட்டாரும் பல்சக்கரங்களின் துணையோடு போதிய அழுத்தத்தைத் தந்துவிடும். ஆனால் அந்த விசை முழுவதையும் சட்டமே தாங்கியாக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை. சட்டத்தின் கையைப் போல ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கையின் வளைவு அதன் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், விசையின் திசையில் அதற்கிருக்கும் உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமைவதால், வாயின் ஆழத்தைப் பாதியாக்கினால் கையின் வளைவு எட்டில் ஒன்றாகிவிடும். மூலையைக் கட்டுவதற்கு ஆழமான வாய் எதற்கு? அதைக் குறையுங்கள். தகட்டைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பின் மேல் நிற்க வைத்து, இரு பக்கமும் இரண்டு தகடுகளாக அமையுங்கள். மாற்றிய பிறகு ஒரு வெள்ளைத் தாளின் மேல் கார்பன் தாளை வைத்து ஒரு முறை அழுத்தினால், எந்தப் பல் எவ்வளவு பதிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (பாரிமுனை, நகலகம் நடத்துபவர்): ஐம்பது தாள் வரை அடிக்கும் என்று சொல்லப்பட்ட இயந்திரம், மழைக்காலத்தில் நாற்பதிலேயே பின்னை நசுக்கிவிடுகிறது. ஏன்?

பதில்: அந்த ஐம்பது என்பது பெரும்பாலும் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாளுக்குச் சொல்லப்படும் கணக்கு. அத்தகைய தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் கொண்டது, ஐம்பது தாள்கள் 5 மி.மீ. ஆகும். அச்சாகும்போது, மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசரின் சூட்டில் ஈரத்தை இழக்கும் தாள், வெளியே வந்ததும் சென்னைக் காற்றிலிருந்து அதைத் திரும்ப உறிஞ்சி ஓரங்களில் அலையலையாக நெளிகிறது. அடுக்கின் உயரம் கூடுகிறது. தாள்களுக்கு நடுவே காற்றிடைவெளியும் விழுகிறது. பின்னின் கால் ஒரு மெல்லிய தூண்தான்: பிடிமானமில்லாத நீளம் இரு மடங்கானால், வளையாமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். ஆண்டர்சன் தெருவில் வாங்கிவரும் கட்டுகளை அச்சிடும் நேரம் வரை உறையைப் பிரிக்காமல் வையுங்கள். நசுங்கிய பின்னையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். எப்போதும் ஒரே கால் மட்டும் மடங்குகிறது என்றால் குற்றம் தாளில் இல்லை. மேலே அடிக்கும் பகுதியும் கீழே மடக்கும் பகுதியும் நேராகச் சந்திக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

கேள்வி (உயர் நீதிமன்றத்துக்கு அருகில், வழக்கறிஞர் அலுவலகம்): பின் இல்லாக் கட்டை வழக்குக் கோப்புகளுக்கு நம்பலாமா?

பதில்: கூடாது. பக்கவாட்டில் இழுத்தால் அது நன்றாகவே தாங்கும். ஆனால் பக்கத்தைப் புரட்டும்போது உண்டாகும் உரிக்கும் விசைக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். ஈரக்காற்றில் பல் தடமும் மெல்லத் தளரும். கோப்புக்கு டேக் நூல்தான் சரி. ஸ்கேனரில் மறுபடி கொடுக்க வேண்டிய நான்கைந்து தாள் படிவங்களுக்கு இதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (வேளச்சேரி): மறுசுழற்சிக்கு, ஸ்டேப்ளர் பின் இல்லாமல் கட்டும் முறைதானே நல்லது?

பதில்: கொஞ்சம் நல்லதுதான், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. காகித ஆலைகள் இரும்புப் பின்களைக் கூழிலிருந்து காந்தத்தாலும் சல்லடையாலும் பிரித்துவிடுகின்றன.

கேள்வி (கிண்டி, பழுது பார்ப்பவர்): தாளைப் பிடிப்பது, பின்னை அடிப்பது, காலை மடக்குவது ஆகிய மூன்றையும் ஒரே மோட்டார் எப்படிச் செய்கிறது?

பதில்: ஒரே தண்டில் வெவ்வேறு வடிவமுள்ள கேம்கள், அதாவது சுழலும்போது மற்றப் பகுதிகளைத் தள்ளி நகர்த்தும் வட்டமல்லாத சக்கரங்கள், இருக்கும். தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் முதல் கேம் அடுக்கை அமுக்கும், அடுத்தது பின்னை இறக்கும், கால்கள் தாளைத் துளைத்து வெளியே வந்த பிறகே மடக்கும் பகுதி எழும். இரண்டு தாளுக்கும் ஐம்பது தாளுக்கும் உள்ள உயர வேறுபாட்டை இடையிலிருக்கும் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். சுற்று முடிந்து தண்டு தொடக்க நிலைக்கு வந்ததா என்பதை ஒளி சென்சார் பார்க்கிறது. சிக்கிக்கொண்டால் தாளைப் பிடித்து இழுக்காதீர்கள்; பின் பாதியளவு இறங்கிய நிலையில் இழுத்தால், உள்ளிருக்கும் பகுதிகள் வளையக்கூடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்டைப் பின்னோக்கிச் சுற்றித் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்த பிறகு தாளை எடுங்கள்.