அல்பாகா வீட்டு ஆயா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் மகள் வீட்டு அல்பாகா பண்ணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம்: மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பேரப்பிள்ளைகளும் பிரான்சில், நடுப்பகுதியில் மலைப்பாங்கான ஓவேர்ன் பக்கம் இருக்கிறார்கள். மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர், அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர், அந்த வழியில் வந்த குடியுரிமை. இரண்டரை ஏக்கர் புல்வெளி, 11 அல்பாகா. நான் கடலூர் ஆல்பேட்டையிலிருந்து கிளம்பிப் போய் ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே இருந்தேன். அல்பாகா என்பது ஒட்டகத்துக்குப் பங்காளி முறை, சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை, பெரு நாட்டில்தான் அதிகம். சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

காலையில் எழுந்தால் என்ன வேலை? மாடு வைத்திருப்பது போலத்தானா? (வாசகி, லாஸ்பேட்டை)

மாட்டை விட லேசு. மாப்பிள்ளை காபி குடிப்பதற்கு முன்னால் வேலிப்பக்கம் போய்த் தலை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, எது தனியாகப் போய்ப் படுத்திருக்கிறது என்றும் பார்ப்பார். மந்தையாக வாழ்கிற பிராணி உடம்பு சரியில்லை என்பதைக் கடைசிவரை மறைக்கும், தனியாக ஒதுங்குவதுதான் நமக்குக் கிடைக்கிற முதல் தகவல். அப்புறம் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, உலர்புல் வைப்பது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது சாணி விஷயம். நம்ம ஊர் ஆடு நடக்கிற வழியெல்லாம் புழுக்கை போட்டுக்கொண்டே போகும், இதுகள் எல்லாமே மைதானத்தில் ஒன்றிரண்டு இடத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, வரிசையில் காத்து நின்று அங்கேதான் போகின்றன. அதை அள்ளித் தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் தோட்டத்தில் கொட்டுவது பெரிய பேரனின் பொறுப்பு, பள்ளிக்கூடம் போவதற்கு முன். சின்னவளுக்கு அந்த வண்டியைத் தள்ள ஆசை, அவன் தரமாட்டான். தினமும் காலையில் சாணி வண்டிக்காக இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொள்வதை உலகத்தில் வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும்?

துப்புமாமே? (மஞ்சக்குப்பம்)

துப்பும். பெரும்பாலும் தங்களுக்குள்தான், தீவனத்துக்கு முண்டும்போது. நடுவில் நின்றால் நமக்கும் விழும், எனக்கு விழுந்தது, பாதி செரித்த புல் நாற்றம், புடவையை இரண்டு தண்ணீர் அலச வேண்டியிருந்தது. இதில் ஒரு பிரயோஜனமும் உண்டு. சினை பிடித்த பெட்டையின் கிட்டே கிடாவைக் கொண்டுபோனால் அது துப்பி விரட்டும், சேர்க்கைக்குப் படுக்கவே படுக்காது. அதைப் பார்த்து இவர்கள் சினை என்று குறித்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் பண்ணுவதும் உண்டு, ஆனால் முதல் ரிப்போர்ட் இதுதான்.

பால் எப்படி இருக்கும்? டீ போடலாமா? (டீக்கடை வைத்திருப்பவர், நெல்லிக்குப்பம்)

கறப்பதே இல்லை ஐயா. இருக்கிற கொஞ்சமும் குட்டிக்கே சரி. உங்கள் கடைக்கு ஆவின்தான்.

குட்டி போட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே அம்மா, விவரமாக எழுதக்கூடாதா? (வாசகி, பாகூர்)

எழுதலாம். நம்ம ஆட்டுக்கு ஐந்து மாதம், அல்பாகாவுக்குப் பதினொன்று, சில சமயம் பதினொன்றரை. ஒரே குட்டிதான், இரட்டை என்பது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் பகலில், அதுவும் மத்தியானத்துக்குள் போட்டுவிடும். மலையில் ராத்திரிக் குளிர் வருவதற்குள் குட்டி காய்ந்து எழுந்து நிற்க வேண்டும், அதனால்தான் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அன்றைக்கு மகளுக்கு ஆஸ்பத்திரி டூட்டி, அவள் நர்ஸ். பத்து மணி இருக்கும், ஜன்னலில் பார்த்தால் பழுப்பு நிறப் பெட்டை ஒன்று படுப்பதும் எழுவதுமாக இருந்தது. நான் எத்தனை ஆட்டுப் பிரசவம் பார்த்தவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். "அத்தை, தொடாதீங்க, அதுவே போட்டுக்கும்" என்று மாப்பிள்ளை கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். குட்டி விழுந்தது. நான் தாய் நக்கும் என்று காத்திருக்கிறேன், அது நக்கவே இல்லை. குனிந்து மோந்து பார்த்தது, ம்ம்ம் என்று மூக்கால் முனகியது, அவ்வளவுதான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது, தாய் ஒதுக்கிவிட்டது என்றே நினைத்தேன். நம்ம வீட்டு ஆடு நக்காமல் விட்டால் அதுதானே அர்த்தம். விசாரித்தால் இந்த ஒட்டக ஜாதியே குட்டியை நக்காதாம், நாக்கு அவ்வளவு வெளியே வராது. அந்த முனகல்தான் கொஞ்சல். குட்டியும் சன்னமாகப் பதில் முனகியது, அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

தொப்புளில் அயோடின் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு குச்சியை நட்ட மாதிரி எழுந்து நின்று ஆடியது. சீம்பால் மட்டும் எந்த ஊரிலும் சீம்பால்தான், சீக்கிரம் உள்ளே போயாக வேண்டும், நோய் எதிர்ப்பு அதிலிருந்துதான் வருகிறது. எடை ஏழு கிலோ. அடுத்த பத்து நாளும் பேரன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, தன் எடையைக் கழித்துச் சொல்வான். கழித்தல் கணக்கு அவனுக்கு அப்படித்தான் படிந்தது. குட்டிக்கு லட்டு என்று பேர் வைத்தது நான்.

என் மகள் வீடியோ பார்த்துவிட்டு ஒரு அல்பாகா வாங்கித் தரச்சொல்லி அழுகிறாள். ஒன்றே ஒன்று கடலூரில் வளர்க்க முடியுமா? (தந்தை, திருப்பாதிரிப்புலியூர்)

முடியாது தம்பி. நேராகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆசை காட்டிவிடக் கூடாது.

முதலில் அந்த "ஒன்றே ஒன்று". தனியாக வைத்தால் ஏங்கிப்போகும், குறைந்தது இரண்டு மூன்றாவது வேண்டும். ஆண் குட்டியைத் தனியாக எடுத்துப் புட்டிப்பால் கொடுத்து மடியில் வளர்த்தால், அது மனிதர்களையும் தன் இனம் என்று நினைத்து, வளர்ந்ததும் போட்டிக் கிடாவை முட்டுகிற மாதிரி நம்மையே முட்டித் தள்ளும். செல்லம் கொடுத்த வினை.

இரண்டாவது நம்ம ஊர் வெக்கை. அது 3,500 மீட்டருக்கு மேலே வாழ்ந்து பழகிய உடம்பு, மேலே கம்பளி வேறு. பண்ணைக்காரர்கள் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டிப் பார்ப்பார்கள். 120க்குள் இருந்தால் கவலை இல்லை, 180 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாதம் நம்ம ஊரில் 100 டிகிரி, கடல்காற்று ஏறிய பிறகு ஈரப்பதம் 70 என்று வைத்தால் 170. அக்னி நட்சத்திரத்தில் அதுவும் தாண்டும். ராத்திரியாவது இறங்குமா என்றால், புழுக்கம் நம்மையே தூங்க விடுவதில்லை. வெளிநாட்டுக் கால்நடையை நினைத்தபடி கொண்டுவரவும் முடியாது, அதற்கு 1898இலிருந்தே இறக்குமதிச் சட்டம் இருக்கிறது, அனுமதி, தனிமைக் கொட்டகை எல்லாம் உண்டு.

பிள்ளைக்கு ஆசை இருந்தால் மெட்ராஸ் சிவப்பு செம்மறிக் குட்டி இரண்டு வாங்கிக் கொடுங்கள். நம்ம பக்கத்து இனம், வெயில் தாங்கும், உடம்பில் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். ஆனால் கொட்டகையை மேடாகப் போடுங்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்ததே, அன்றைக்கு என் தம்பி ஒன்பது ஆட்டையும் ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கினான். கடைசி ஆட்டைத் தூக்கும்போது இடுப்பளவு தண்ணீர்.

என் கணவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆட்டுப்பண்ணை வைக்கப்போகிறேன் என்கிறார். உங்கள் மகள் குடும்பம் பண்ணையில் நன்றாக இருக்கிறதே, நானும் சரி என்று சொல்லலாமா? (வாசகி, பண்ருட்டி)

நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியது உண்மை, ஆனால் அரிசி வாங்குவது மகளின் நர்ஸ் சம்பளத்தில். அதைப் போன இதழில் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. அல்பாகாவில் வருவது நூல் விற்ற காசு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு குட்டி விற்ற காசு, அப்புறம் சனி ஞாயிறில் டவுன்காரர்கள் வந்து கயிறு பிடித்து அதோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கொடுக்கிற காசு. ஆமாம், ஆட்டை மேய்ப்பதற்கு அவர்கள் நமக்குப் பணம் கொடுக்கிறார்கள்! மூன்றையும் கூட்டினால் தீவனம், டாக்டர், வேலி போக மிஞ்சுவது கொஞ்சம்.

பணத்தை விட எனக்கு உறுத்தியது வேறு. நான்கு பேரும் சேர்ந்து ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இளைய மகன் கல்யாணத்துக்கு மகள் பிள்ளைகளோடு வந்தாள், மாப்பிள்ளை வரவில்லை, இரண்டு பெட்டை மாதம் நிறைந்து நின்றன. தாலி கட்டும்போது போனில் பார்த்தார், பின்னால் ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், மகள் சமையல்கட்டுக்குள் போய் அழுதாள்.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரிடம் லாபம் எவ்வளவு என்பதோடு, பொங்கலுக்கு உங்கள் அம்மா வீட்டுக்குப் போகும்போது ஆட்டை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு ஒரு ஆள் பேர் சொன்னால் பேச்சை மேலே நடத்தலாம். வேலையை விடாமல் ஐந்து ஆட்டோடு ஒரு மழைக்காலத்தைத் தாண்டிப் பார்க்கட்டும். கடலூரிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கட்டும். மழைக்கு முன்னால் ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசி மறக்க வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் பேரைச் சொல்லுங்கள்.

அந்தக் கம்பளியில் ஏதாவது கொண்டுவந்தீர்களா? (முத்தியால்பேட்டை)

ஒரு சால்வை. மே மாதம் கத்தரிக்க ஆள் வருவார், வருஷத்துக்கு ஒரு தடவைதான், முன்கால் பின்கால் கட்டி நீட்டிப் படுக்கவைத்து ஒரு அல்பாகாவை ஐந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார், அப்படியே நகமும் வெட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று கிலோ கிடைக்கும். கம்பளியெல்லாம் போன பிறகு அதைப் பார்க்கணுமே, கழுத்தும் கண்ணும்தான் மிச்சம், குளித்துவிட்டு வந்த பூனை மாதிரி.

சால்வை பஞ்சு மாதிரி, குத்தவே குத்தாது. மார்கழியில் நான்கு நாள் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் காலையில் போர்த்திக்கொண்டு போனேன். இப்போது பீரோவில் வசம்புத் துண்டோடு இருக்கிறது. அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், இன்னும் கொடுக்கவில்லை.