ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் அது பெற்றோரின் மரபணுவால் வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

என் மகளுக்கு நான்கு வயதில் ஏ.எல்.எல் (குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகை) என்று உறுதியான அன்று, வார்டு வாசலிலேயே ஒரு உறவினர் என் மனைவியிடம் கேட்டார்: "உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது இருந்துச்சாம்மா?" அந்தக் கேள்வி அவளைப் பல மாதம் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மரபணுக் கோளாறு வேறு, பரம்பரையாக வருவது வேறு. குழந்தைகளின் ஏ.எல்.எல்-இல் அடிக்கடி காணப்படுவது, ஈ.டி.வி.6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. இது அப்பா அம்மாவிடமிருந்து வருவதில்லை. வயிற்றில் வளரும்போது சிசுவின் ஒரே ஒரு ரத்த அணுவில் நேர்வது. ஒரே நஞ்சுக்கொடியில் வளர்ந்த இரட்டையர் இருவருக்குமே நோய் வந்தபோது, இருவரிடமும் மரபணு உடைந்திருந்த இடம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. ஒரு குழந்தையிடம் உருவான அணு நஞ்சுக்கொடி வழியாக இன்னொன்றின் ரத்தத்துக்குப் போயிருக்கிறது. பிறந்ததும் குதிகாலில் குத்தி அட்டையில் காயவைத்த ரத்தப் பொட்டிலும் அதே மரபணு இணைப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிரிட்டனில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து 2002இல் வெளியான ஆய்வில், சுமார் 100 குழந்தைகளில் ஒன்றிடம் அது இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பிறந்தபின் வேறு மரபணுக்களும் கெட்டால்தான் வரும்.

பெற்றோர் வழி வரும் வேறுபாடுகளும் உண்டு. 2009இல் ஏரிட்5பி, ஐ.கே.இசட்.எஃப்1 மரபணுக்களில் அவற்றைக் கண்டார்கள். ஆனால் அவை கோடிக்கணக்கான ஆரோக்கியமானவர்களிடமும் இருப்பவை. ஒவ்வொன்றும் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்கு கூட்டும். மேலை நாட்டுக் கணக்கில் 2000 குழந்தைகளில் ஒன்று என்பது 1300இல் ஒன்று ஆகும், அவ்வளவுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பு கணிசமாக அதிகம். குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால் டி.பி.53 (பரம்பரையாகக் கெட்டு வந்தால் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மரபணு) பற்றி மரபணு ஆலோசகரிடம் கட்டாயம் கேளுங்கள்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஏ.எல்.எல்-க்குத் தரும் 6-எம்.பி (மெர்காப்டோபியூரின்) மாத்திரை தொடங்கியதும் என் மகளின் கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) மளமளவென இறங்கியது. சோதித்தபோது, இந்த மருந்தை உடல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பாதிக்கும் என்.யு.டி.டி15 மரபணுவில் வேறுபாடு. நம் நாட்டில் இது அபூர்வமில்லை. டோஸைக் குறைத்த பிறகே கவுண்ட் ஏறியது. மாத்திரை தொடங்கும் முன்பே இந்தச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அவளுக்கு மருந்து முடிந்து இரண்டு வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அவனுக்கு ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா என்று என் மனைவி கேட்டாள். "எதுவும் வேண்டாம்மா, தடுப்பூசியை மட்டும் தேதி தவறாமப் போடுங்க" என்றார் டாக்டர்.