கெய்ரோவில் நெய்யைத் தாண்டுவது எப்படி

தம்பி, அடுத்த மாதம் வேலைக்குக் கெய்ரோ வருகிறீர்கள், 3 வருடமாகப் பால், தயிர், நெய்கூடத் தொடாத வீகன், "அங்கே எனக்கு ரொட்டியும் வெள்ளரிக்காயும்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் ஈரோட்டிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு இங்கே வந்து 12 வருடம் ஆகிறது. வந்தபோது தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போய், அதை விட்டும் 7 வருடம் ஓடிவிட்டது. அந்தத் தெம்பில் சொல்கிறேன், பட்டினி கிடக்க மாட்டீர்கள். வீகன் ஓட்டல் எங்கே என்று தேடி அலையவும் வேண்டாம். இந்த ஊரில் காசு இல்லாதவன் சாப்பிடுவதில் பாதி உங்கள் சாப்பாடுதான்.

காலையில் ஃபூல். மொச்சைக்கு அண்ணன் மாதிரி, தடித்த தோலோடு பழுப்பாக ஒரு பயறு. கழுத்து குறுகிய பெரிய பானையில் இரவு முழுக்கச் சிறுதீயில் வெந்து, விடிந்ததும் தெருமுனை வண்டியில் வந்து நிற்கும். சீரகப்பொடி, எலுமிச்சை, எண்ணெய் விட்டு மசித்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள எய்ஷ் பலதி, அதாவது தவிடு ஒட்டிய உப்பலான ரொட்டி. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, அவ்வளவுதான். 'எய்ஷ்' என்றால் வாழ்வு என்று பொருள். ரொட்டிக்கே அந்தப் பெயர் வைத்த ஊர் இது.

பக்கத்திலேயே தாமெயா பொரியும், ஃபலாஃபல் என்னும் அரபு வடையின் எகிப்து வகை. ஃபலாஃபலை மற்ற அரபு நாடுகளில் பெரும்பாலும் கொண்டைக்கடலையில் செய்வார்கள். இங்கே இதே ஃபூல் பயறுதான். கொத்தமல்லி, சதகுப்பைத் தழை எல்லாம் அரைத்துச் சேர்ப்பதால் பிய்த்தால் உள்ளே பச்சை. நம் கீரை வடைக்குச் சொந்தக்காரன். ஒரே ஒரு எச்சரிக்கை: குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பயறு ரத்த அணுக்களையே உடைத்துவிடக்கூடும். விளையாட்டில்லை.

மதியத்துக்குக் கொஷரி. சோறு, மைசூர்ப் பருப்பு மாதிரி முழுப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, கருகக் கருக வறுத்த வெங்காயம். முதல் தடவை பார்த்தபோது, மிச்சம் மீதியையெல்லாம் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இப்போது வாரம் இரண்டு தடவை சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். பெயரும் பண்டமும் நம் கிச்சடியிலிருந்து வந்தவை என்று பலரும் சொல்வார்கள். பூண்டு வினிகரைத் தாராளமாக விடுங்கள். மிளகாய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக.

சிக்கல் இரண்டே இடத்தில்தான்: சம்னா, ஷோர்பா. சம்னா என்றால் நெய். ஃபூலிலும் விடுவார்கள், சோற்றிலும் விடுவார்கள். வண்டிக்காரரிடம் "பி ஸேத், மிஷ் பி சம்னா" என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் விடு, நெய் வேண்டாம் என்று அர்த்தம். ஷோர்பா என்றால் கோழியோ இறைச்சியோ வேகவைத்த சாறு. அது நெய்யைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. மொலொகெய்யா என்று ஒரு கீரை, சணல் வகைச் செடியின் இலை. பொடிப்பொடியாக நறுக்கிக் குழகுழவென்று சமைப்பார்கள். கடைசியில் பூண்டும் கொத்தமல்லி விதையும் வறுத்துக் கொட்டுவதற்குப் பெயர் 'தஅலீயா'. நம் தாளிப்பேதான்! அதைக் கொட்டும்போது சமைப்பவர் 'ஹா' என்று மூச்சை இழுத்தால்தான் கீரை ருசிக்குமாம். உடன் வேலை செய்தவர் வீட்டில் அவருடைய அம்மா அப்படி மூச்சிழுத்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, கோழி வேகவைத்த தண்ணீரில் கொதித்த கீரை அது. "லஹ்மா சாப்பிட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். லஹ்மா என்றால் அவர்களுக்கு ஆடு, மாடு. கோழி அந்தக் கணக்கில் வராது. அந்த அம்மாமேல் தப்பே இல்லை. கோஸ், திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் செய்யும் மஹ்ஷியிலும் இதே வம்பு உண்டு.

இதற்கெல்லாம் ஒரே சொல் மருந்து: 'ஸியாமி'. இங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பவர்கள். இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர்தான் ஸியாமி. "வீகன்" என்று அரை மணி நேரம் விளக்கிப் புரியாதது, இந்த ஒரு சொல்லில் முஸ்லிம் கடைக்காரருக்கும் புரியும். ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் பெருநோன்பில் கேக், பிஸ்கட்கூட ஸியாமியாகக் கிடைக்கும். ஆனால் நவம்பர் 25 முதல் வரும் கிறிஸ்துமஸ் நோன்பில் மீனுக்கு அனுமதி உண்டு. அந்த நாட்களில் "மீனும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, "அனா ஸாயெம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'நான் நோன்பில் இருக்கிறேன்' என்று ஆகிவிடும். நான் ஒருநாள் அப்படிச் சொல்ல, எதிரே வைத்த தட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எடுத்துப் போய்விட்டார் ஒரு பையன்.

'அஸல் இஸ்வித்' என்று போட்டிருந்தால் கறுப்புத் தேன் என்று பயந்து ஒதுக்காதீர்கள். கரும்புப் பாகுதான். எள் விழுது தஹீனாவில் கலந்து ரொட்டியில் தொட்டால் எள்ளுருண்டை வாசம் அடிக்கும். பி12 மாத்திரை மட்டும் விடாமல் போடுங்கள். ஃபூலில் அது இல்லை.

வீட்டில் சமைக்க, இங்கத்துக் குண்டு அரிசி பொங்கலுக்கு அருமை. துவரைக்குப் பதிலாக 'அத்ஸ் அஸ்ஃபர்' பருப்பைப் போட்டால் சாம்பார் ஆகிவிடும். பெட்டியில் பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை வையுங்கள். புளியைச் சுமக்க வேண்டாம். மசாலாக் கடையில் 'தமர் ஹிந்தி' என்று கேளுங்கள். 'இந்தியப் பேரீச்சை' என்று அர்த்தம், தருவது நம் புளி.