மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வாங்கிய செடி தோட்டம் முழுக்கப் படர்கிறது, இலை பளபளப்பாக மூன்று மடலோடு இருக்கிறது: கீரையாகச் சமைக்கலாமா?

சமைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் பளபளப்பான, மூன்று மடல் கொண்ட இலை மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குக் கிடையாது. அது பெரும்பாலும் சிங்கப்பூர் டெய்சி. பெயர்தான் சிங்கப்பூர், பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா. இரண்டும் ஒரே பேரினம், பூவும் ஒரே மஞ்சள் என்பதால் நர்சரிகளில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். நான்கைந்து கொடிகளின் அடி இலைகளைப் பறித்து வெயிலில் பிடியுங்கள். அசல் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மடல் பிரியாது, விரலால் தடவினால் சொரசொரக்கும். மற்றதில் காம்புக்கு மேலே இரு பக்கமும் காது போல் மடல் நீட்டிக்கொண்டிருக்கும்.

நுனி இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிங்கப்பூர் டெய்சியிலும் சில இலைகள் மடலின்றி வரும். சந்தேகம் தீராவிட்டால் பூத்த கொடி ஒன்றை அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டுங்கள்.

பிடுங்கினால் துண்டுகளைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ போடவே போடாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டாலே வேர்விடும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.